இருட்டில் கற்ற பாடம்

சொற்களின் வேரைத் தேடிப் போவது, மத்ரஸாவில் ஓதிய நாளிலேயே நம்மைப் பற்றிக்கொண்ட பழக்கம். அரபுச் சொல்லாயினும் தமிழ்ச் சொல்லாயினும் அதன் மூலத்தைக் கண்டாலன்றி மனம் அமைதி கொள்வதில்லை. நீரிழிவு என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இழிதல் என்றால் இறங்குதல். உடலில் தங்க வேண்டிய நீர் தங்காமல் இறங்கிப் போவதைக் கண்டு நம் முன்னோர் இட்ட பெயர் அது. மருத்துவ மேதை இப்னு ஸீனா (980–1037) தம் ‘அல்கானூன் ஃபித்திப்’ என்னும் பெருநூலில் இந்நோயின் யவனப் பெயரைக் குறித்துவிட்டு, அரபியில் இதற்குத் ‘தூலாப்’ என்று பெயர் என எழுதுகிறார். தூலாப் என்பது நீர் இறைக்கும் சக்கரம். ஒரு பக்கம் மொண்ட நீரை மறுபக்கம் கொட்டிவிட்டுச் சுழல்வது அதன் இயல்பு. அதே இடத்தில் அவர் மற்றொரு பெயரையும் தருகிறார்: ‘ஸலகுல் குல்யா’. சிறுநீரகத்தின் வழுக்கல் என்பது அதன் பொருள்.

வழுக்கல் என்னும் அந்தச் சொல்லை நாம் பலமுறை படித்துக் கடந்திருக்கிறோம். நம் காலே வழுக்கிய பிறகுதான் அச்சொல் நம்மை நிறுத்தி வைத்தது. அந்தக் கதையை எழுதச் சிறிது வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும், வெட்கத்தினால் மறைத்தமையே நம் இல்லத்தில் பெருந்தீங்காக முடிய இருந்தது என்பதால், எழுதாமலிருப்பது முறையன்று.

நமக்கு நீரிழிவு வந்து பதினோராண்டுகள் ஆகின்றன. முதல் ஐந்தாண்டுகளை அலட்சியத்தில் கழித்தோம். மாத்திரையை நினைத்தால் விழுங்குவது, மறந்தால் விட்டுவிடுவது. வலீமா விருந்தென்றால் கணக்கின்றி உண்பது. பிறகு இரண்டு நாள் பாகற்காய்ச் சாறு குடித்துப் பரிகாரம் தேடுவது. ஆறாம் ஆண்டில் மருத்துவர் சற்றுக் கடுமையாகவே பேசினார். அன்றிலிருந்து சுபுஹுத் தொழுகைக்குப் பின் ஊரின் ஏரிக்கரை நெடுக நாள்தோறும் நாற்பது நிமிடம் நடந்து வருகிறோம். மழை நாளிலும் விட்டதில்லை. இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஒன்பதுக்கு மேல் இருந்தது 6.9-க்கு இறங்கியது. வயிறு உள்ளடங்கியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை.

இதில் நமக்குள் ஒரு பெருமிதம் புகுந்துவிட்டது. பாடம் நடத்தும்போதும் திருமண வீடுகளில் பேச்சு வரும்போதும், “நடையுங்கள், நம்மைப் பாருங்கள்” என்று சொல்லத் தொடங்கினோம். பள்ளிவாசலில் நாற்காலியில் அமர்ந்து தொழும் நம் வயதினரைக் காணும்போது, வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லையாயினும், மனத்துள் ஓர் ஏளனம் எழுந்ததை அல்லாஹ் அறிவான்.

கடந்த மார்கழியில் ஒரு நாள் சுபுஹு ஜமாஅத். நாம் முதல் ஸஃப்பில் நின்றிருந்தோம். முதல் ரக்அத்தின் ருகூஉவில் இருக்கையில் மின்சாரம் போயிற்று. பள்ளியின் இன்வெர்ட்டர் பழுதாகிக் கிடந்தமையால் ஒரு சிறு விளக்கும் இல்லை. கும்மிருட்டு. ஸுஜூது செய்தோம். இரண்டாம் ஸுஜூதிலிருந்து இமாம் தக்பீர் சொல்லி எழ, நாமும் எழுந்தோம். எழுந்தோம் என்பதைவிட எழ முயன்றோம் என்பதே சரி. பாதத்தின் கீழே தரை எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. பஞ்சுப் பொதியின்மேல் நிற்பதுபோல் இருந்தது. உடல் எப்பக்கம் சாய்கிறது என்பதை அறியுமுன் வலப்பக்கம் சரிந்து, பக்கத்தில் நின்ற இளைஞரின் தோளைப் பற்றி, அதுவும் நழுவி, முழங்கால் அடிபட விழுந்தோம்.

தொழுகை முடிந்ததும் அந்தத் தம்பி, “ஹஜ்ரத், தலை சுத்திருச்சா?” என்று பரிவுடன் கேட்டார். “விரிப்பில் கால் சிக்கிவிட்டது” என்றோம். விரிப்பு இழுத்துக் கட்டப்பட்டுச் சுருக்கமின்றிக் கிடந்தது. மார்க்கம் போதிக்கும் நாவினால், பள்ளிவாசலுக்குள்ளேயே, அற்ப கௌரவத்திற்காக ஒரு பொய்!

பிறகு நிகழ்ந்தவை அதனினும் வருந்தத்தக்கவை. இமாம் ஊருக்குப் போகும் நாட்களில் அவருக்குப் பதிலாகத் தொழ வைப்பது நம் வழக்கம். அதைத் தட்டிக் கழித்தோம். “தொண்டை கட்டிவிட்டது” என்றோம். இருட்டு விலகாத சுபுஹு ஜமாஅத்திற்குப் போவதைக் குறைத்து வீட்டிலேயே தொழுதோம். நடையை மட்டும் விடவில்லை. பொழுது நன்றாக விடிந்த பிறகு நடந்தோம். வெளிச்சத்தில் நடக்கையில் ஒரு குறையும் தோன்றவில்லை. ‘அன்று ஏதோ தற்செயல்’ என்று நெஞ்சைத் தேற்றிக்கொண்டோம். ஆனால் ஒளுச் செய்யும்போது ஒற்றைக் காலில் நின்று மறுகாலைக் கழுவ முடியாமல், கை தானாகச் சுவரைத் தேடியது. குளிக்கையில் முகத்திற்குச் சோப்பிட்டுக் கண்ணை மூடினால் உடல் ஊஞ்சலாடியது.

ஒன்றரை மாதம் இவ்வாறு கழிந்தது. ஓரிரவு நம் துணைவியார் கேட்டார்: “என்னங்க, சுபுஹுக்குப் பள்ளிக்குப் போறதை ஏன் விட்டுட்டீங்க? முப்பது வருசமா நான் பார்த்ததில்லையே.” அதற்குமேல் மறைக்க மனம் வரவில்லை. நடந்ததைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை, கடிந்துகொள்ளவுமில்லை. சற்றுநேரம் தலையைக் குனிந்திருந்துவிட்டு, “நீங்க ஒரு தடவை விழுந்தீங்க. நான் ரெண்டு தடவை விழுந்துட்டேன்” என்றார்.

அவருக்கும் ஏழாண்டுகளாக நீரிழிவு உண்டு. ஒருமுறை குளியலறையிலும், ஒருமுறை தஹஜ்ஜுத் வேளையில் விளக்குப் போடாமல் கொல்லைப்பக்கம் போகையிலும் விழுந்திருக்கிறார். கையில் இருந்த நீலத் தழும்பை, கதவு இடித்ததென்று நம்மிடம் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. “ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டோம். “சொன்னா நடக்கச் சொல்வீங்க. எனக்கு எங்கேங்க நேரம்? எந்தத் தெருவிலே போய் நடக்க?” என்றார்.

ஆறாண்டுகளாக நாற்பது நிமிடம் நடந்து நம் உடலைப் பேணிக்கொண்ட நாம், அதே நோயுள்ள ஒருவர் நம் அடுக்களையில் காலை முதல் இரவு வரை நின்று உழன்றதைக் கண்டும் ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. ஊருக்கெல்லாம் உபதேசித்த வாய் வீட்டில் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை.

மறுவாரம் இருவரும் நகரத்து மருத்துவமனை ஒன்றுக்குப் போனோம். மருத்துவர் எங்கள் காலணியைக் கழற்றச் சொல்லி, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். ஒரு நைலான் இழையைப் பாதத்தின் பல இடங்களில், இழை வளையுமளவு அழுத்தி, “தெரிகிறதா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். பத்து கிராம் விசையில் வளையுமாறு செய்யப்பட்ட இழை அது. நம் வலக்காலின் பெருவிரலிலும் முன்பாதத்திலும் தொட்டது நமக்குத் தெரியவே இல்லை. பின்பு நொடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவையைத் தட்டிப் பெருவிரல் எலும்பின்மேல் வைத்தார். அதிர்வு தெரியவில்லை, குளிர்ந்த இரும்பு ஒன்று தொட்டது போல் மட்டும் இருந்தது. இறுதியாகப் பாதங்களைச் சேர்த்து நிற்கச் செய்து, கண்ணை மூடச் சொல்லி, தம் கைகளை நம் இருபுறமும் அணைபோல் விரித்து நின்றார். கண்ணை மூடியதும் பள்ளிவாசலின் அந்த இருட்டு திரும்பி வந்தது. அவர் கைகளில் சாய்ந்தோம்.

அச்சோதனைக்குப் பெர்லின் நகரத்து மருத்துவர் ராம்பெர்க் (1795–1873) என்பாரின் பெயர் வழங்குகிறது. கண் திறந்திருக்கையில் ஒழுங்காக நிற்பவர், கண்ணை மூடியதும் தள்ளாடினால், காலிலிருந்து மூளைக்குச் செல்லும் செய்தி தடைப்பட்டிருக்கிறது என்பது அவர் கண்ட நுட்பம். மருத்துவர் அதை விளக்கியபோது நமக்கு ஃபிக்ஹுப் பாடத்தின் சாட்சியச் சட்டமே நினைவில் எழுந்தது.

மனிதன் நிமிர்ந்து நிற்பதற்கு மூன்று சாட்சிகள் உண்டு. கண், சுற்றியுள்ள சுவரையும் தூணையும் கண்டு ‘நேராக நிற்கிறாய்’ என்கிறது. உட்காதில் உள்ள அரைவட்டக் குழாய்களும் பைகளும் தலையின் அசைவையும் சாய்வையும் உணர்த்துகின்றன. பாதத்தின் தோலும் கணுக்காலின் மூட்டும் தசையும், ‘தரை இங்கே இருக்கிறது, எடை இப்பக்கம் மிகுந்திருக்கிறது’ என்று நொடிதோறும் செய்தி அனுப்புகின்றன. மூளை எனும் காழி இம்மூன்றையும் கேட்டுத் தீர்ப்பளிக்கிறார். நம் வழக்கில் பாதம் என்னும் சாட்சி எப்போதோ வாய் மூடிவிட்டது. மற்ற இரண்டும் இருந்தமையால் குறை தெரியவில்லை. விளக்கு அணைந்ததும் கண்ணின் சாட்சியமும் போயிற்று. ஒற்றைச் சாட்சியை வைத்துக்கொண்டு காழி என்ன செய்வார்? நாம் வெளிச்சத்தில் நடந்து நலமென்று எண்ணியது, கண் கொடுத்த கடனில் வாழ்ந்த வாழ்வு.

பாதம் ஏன் வாய் மூடுகிறது? இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால், நரம்புகளும் அவற்றுக்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் கெடுகின்றன. உடலிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குச் செல்பவை. ஆதலால் முதலில் அவையே தளர்கின்றன. காலுறை அணிவதுபோல் விரல் நுனியிலிருந்து மேல்நோக்கி மரப்பு ஏறுகிறது. நீரிழிவுள்ளோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் இக்குறை நேரலாம் என்பர். எரிச்சலும் குத்தலும் சிலருக்கு எச்சரிக்கையாக வரும். பலருக்கு அதுவும் வருவதில்லை. மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உண்போரில் சிலருக்கு பி12 என்னும் வைட்டமின் குறைந்து நரம்புத் தளர்ச்சி கூடுவதும் உண்டு. நம் துணைவியாருக்கு இரத்தச் சோதனையில் அக்குறை தெரிந்தது. அது மருந்தால் ஈடுசெய்யத்தக்கது. கேளாதிருந்தால் அதையும் இழந்திருப்போம்.

“நாள்தோறும் நடக்கிறோமே, அது வீணா?” என்று மருத்துவரிடம் கேட்டோம். வீணன்று என்றார். சுருங்கி விரியும் தசை, இன்சுலினை எதிர்பாராமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை ஈர்த்துக்கொள்ளும். நடையின் பயன் ஒரு நாளைத் தாண்டியும் நிற்கும். ஆயினும், நடை இதயத்தையும் மூச்சையும் வளர்க்குமளவு நிலைப்பாட்டை வளர்ப்பதில்லை. சமதரையில் நேராக நடப்பவனுக்குச் சாய்ந்து நிமிர வேண்டிய வேலையில்லை. தொடையின் வலிமை வேறு, சமநிலை வேறு, மூச்சின் திறம் வேறு. ஒன்றைப் பேணினால் மற்றவை தாமே வாரா. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2016-இல் வெளியிட்ட நெறிமுறை, வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு, இரண்டு மூன்று நாள் தசைவலுப் பயிற்சி என்பவற்றோடு, முதியோருக்கு வாரம் இரண்டு மூன்று முறை சமநிலைப் பயிற்சியையும் தனியே சேர்த்துள்ளது. நாம் அந்நெறிமுறையின் முதல் வரியை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்தவராக இருந்திருக்கிறோம்.

பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஓர் ஆய்வும் இங்கே எண்ணத்தக்கது. 51 முதல் 75 வயது வரையுள்ள 1,702 பேரை ஒற்றைக் காலில் பத்து நொடி நிற்கச் சொன்னார்கள். ஐவரில் ஒருவரால் இயலவில்லை. இயலாதவரிடையே நீரிழிவு, இயன்றவரிடையே இருந்ததைப்போல் மும்மடங்காக இருந்தது. மருத்துவர் நம்மையும் நிற்க வைத்தார். நம்மால் நான்கு நொடியும் துணைவியாரால் மூன்று நொடியும் நிற்க முடிந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இந்தியாவில் நீரிழிவுள்ளோர் பத்துக் கோடியே பத்து லட்சம் பேர் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின் கணக்கு. அத்தனை இல்லங்களிலும் சர்க்கரையின் எண்ணைக் கேட்கிறோம். ‘உன் கால் தரையை உணர்கிறதா?’ என்று கேட்கும் இல்லங்கள் எத்தனை?

மருத்துவர் எங்களை உடலியக்கச் சிகிச்சை தரும் ஓர் இளைஞரிடம் அனுப்பினார். நம்மிடம் ஓதும் பிள்ளைகளைவிடச் சில ஆண்டுகளே மூத்தவராக இருப்பார். முப்பதாண்டுகள் ஆசிரியராக இருந்துவிட்டு மாணவராக நிற்பது எளிதன்று. அவர் அலிஃப், பே சொல்லித் தருவதுபோல் தொடங்கினார். அடுக்களை மேடையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு குதிகாலை உயர்த்தி மெல்லத் தாழ்த்துவது பத்துமுறை. பிறகு விரல்களை உயர்த்திக் குதியில் நிற்பது. நாற்காலியில் அமர்ந்து கையூன்றாமல் எழுவது பத்துமுறை. ஒரு பாதத்தின் குதியை மறு பாதத்தின் விரல்முனையில் ஒட்டவைத்து, சுவரோரம் கயிற்றின்மேல் நடப்பவர்போல் பத்தடி நடப்பது. ஒற்றைக் காலில் நிற்பது. முதலில் இரு கைப் பிடி. சில நாள் கழித்து ஒரு கை. பின்பு ஒரு விரல். அதன்பின் விரலை மேடைக்கு மேலே வெறுமனே வைத்திருப்பது. “அவசரப்படாதீங்க ஐயா, பிடிமானம் இல்லாமல் ஒருபோதும் செய்யாதீங்க” என்று ஒவ்வொரு முறையும் எச்சரித்தார்.

முதல் மூன்று வாரம் நமக்கு நம்பிக்கை வரவில்லை. மகள் வயிற்றுப் பேரன், ஏழு வயதுப் பிள்ளை, அருகில் நின்று நொடிகளை எண்ணுவான். “நன்னா, அஞ்சு வரைக்கும் வந்துட்டீங்க! நன்னிம்மா ஆறு!” என்று கூவுவான். எழுத்துக் கூட்டி ஓதும் பிள்ளை தடுமாறும்போது நாம் எத்தனை முறை பொறுமை இழந்திருக்கிறோம் என்பதை, அந்தப் பிள்ளையின் முன் தடுமாறுகையில் உணர்ந்தோம்.

இப்னு ஸீனா உடல்நலம் காக்கும் ஒழுங்கைச் சொல்லுமிடத்தில் ரியாளத், உணவு, உறக்கம் என்னும் மூன்றையும் எடுத்துக்கொண்டு, ரியாளத்தைப் பற்றி விரிவாக எழுதுகிறார். உடற்பயிற்சியைக் குறிக்கும் அந்தச் சொல்லின் மூலத்திற்குக் குதிரைக்குட்டியைப் பழக்குதல் என்னும் பொருளும் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நீரிழிவு மருத்துவத்திற்கு வாழ்நாளை ஈந்த ஜாஸ்லின் (1869–1962) என்பார், உணவு, இன்சுலின், உடற்பயிற்சி மூன்றையும் ஒரு தேரின் மூன்று குதிரைகளாக உவமித்தார். மூன்றையும் ஒருசேர ஓட்டத் தெரிந்தவனுக்கே தேர் கவிழாது. குதிரையை ஒரே நாளில் பழக்க முடியாது. அடித்தும் பழக்க முடியாது. நம் காலும் அவ்வாறே.

இங்கே தொழுகையைப் பற்றியும் ஒரு சொல். தொழுகை இறைவணக்கம். அதை உடற்பயிற்சி என்று விளம்பரப்படுத்துவது நமக்கு உடன்பாடன்று. ஆனால் தொழுகைக்கு உடல் வேண்டும். ஹனஃபி மத்ஹபில் ஓதிய நாம், ஸுஜூதிலிருந்து எழுகையில் கையைத் தரையில் ஊன்றாமல் முன்பாதத்தின் பலத்தில் எழவேண்டுமென்று பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். காயல்பட்டினத்து நண்பர் ஒருவர், ஷாஃபிஈ மத்ஹபினர், நம் கதையைக் கேட்டுவிட்டு, “எங்க முறைப்படி ஒரு நொடி இருந்து, கையை ஊன்றி எழும்புங்களேன் ஹஜ்ரத்” என்று சிரித்தார். தக்க காரணமிருந்தால் கையூன்றி எழுவதை நம் ஃபிக்ஹும் தடுப்பதில்லை. நிற்க இயலாதவர் இருந்தும், இருக்க இயலாதவர் படுத்தும் தொழலாம் என்னும் சலுகை எல்லா மத்ஹபிலும் உண்டு. ருக்ஸத் என்னும் சலுகை அல்லாஹ்வின் கொடை. அதை ஏற்பவரை ஏளனமாக எண்ணிய நம் நெஞ்சின் நோய், காலின் மரப்பைவிடக் கொடிது. அதே வேளை, பழகினால் நிற்கக்கூடிய கால்களைப் பழக்காமலே நாற்காலியில் ஒப்படைத்துவிடுவதும் அந்தக் கொடைக்கு நன்றியாகாது. இன்று இருட்டில் தொழ நேர்ந்தால் தயங்காது கையூன்றி எழுகிறோம்.

பயிற்சியிலும் எல்லை அறிதல் வேண்டும். இன்சுலின் போடுவோரும், கணையத்தைத் தூண்டும் சிலவகை மாத்திரைகள் உண்போரும், பயிற்சியின்போது சர்க்கரை மிகத் தாழ்ந்து மயங்கக்கூடும். 70-க்குக் கீழே இறங்கினால் அது ஆபத்தின் வாசல். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, திடீர்ப் பசி, மனக்குழப்பம் ஆகியவை அறிகுறிகள். உடனே பதினைந்து கிராம் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகி, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். ஆதலால் நடைக்குப் போகையில் சட்டைப்பையில் சிறிது சர்க்கரை இருக்கட்டும். நோன்பு நாளில், குறிப்பாக இஃப்தாருக்கு முந்திய நேரத்தில், கடும் பயிற்சி கூடாது. தராவீஹ் தொழுகையின் நிற்றலும் குனிதலும் எழுதலும் அன்றைய உழைப்பின் கணக்கில் சேரும். நோன்பு நோற்கலாமா என்பதையே ரமளானுக்கு முன்னர் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நலம். விழித்திரையில் இரத்தக்கசிவு உள்ளோர், மூச்சை அடக்கிப் பளு தூக்குவதைத் தவிர்த்து, எந்தப் பயிற்சிக்கும் கண் மருத்துவரின் சொல்லைப் பெறவேண்டும். படுக்கையிலிருந்தோ ஸுஜூதிலிருந்தோ எழும்போது தலை கிறுகிறுத்தால், அது இரத்த அழுத்தம் தாழ்வதாலும் இருக்கலாம். அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பாதம் மரத்தவர்க்கு வெறுங்கால் ஆகாது. பள்ளிவாசலின் வெளிமுற்றம் கோடை நண்பகலில் கொதிக்கும். உணர்வுள்ளவன் துள்ளி ஓடுவான். உணர்வற்றவன் மெல்ல நடந்துபோய்க் கொப்புளத்தோடு திரும்புவான். புண் உள்ள காலோடு நடைப்பயிற்சி செய்தல் கூடாது. ஒளு நமக்கு நாள்தோறும் ஐவேளை பாதத்தைப் பார்க்கும் வாய்ப்பைத் தருகிறது. விரலிடுக்கைக் கோதிக் கழுவுவது ஸுன்னத். கழுவிய பின் அவ்விடுக்கை ஈரமின்றித் துடைத்து, சிவப்போ வெடிப்போ உண்டா என்று ஒரு பார்வை பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். குனிந்து பார்க்க இயலாதவர் ஒரு சிறு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்.

நம் பெண்மக்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிப்பது அநீதி. நடைப்பயிற்சி என்றதும், அது ஆண்கள் காலையில் செய்துவரும் காரியம் என்று நம் இல்லங்களில் ஒதுங்கிவிடுகிறார்கள். வேலை மிகுதி, தெருவில் நடக்கத் தயக்கம். ஆனால் மேலே சொன்ன பயிற்சிகளில் எதற்கும் தெரு வேண்டியதில்லை. உலை கொதிக்கும் நேரத்தில் அடுக்களை மேடையைப் பற்றிக்கொண்டு குதி உயர்த்தலாம். நம் துணைவியார் அவ்வாறே செய்கிறார். முன்பு நாம் அமர்ந்திருக்க அவர் பரிமாறிக்கொண்டிருந்த வேளையில், இப்போது இருவரும் மேடையோரம் நிற்கிறோம். பாத்திரம் கழுவுவதில் பாதி நம் பொறுப்பு என்று ஆகியிருக்கிறது. அந்த நேரமே அவருக்கு நடைக்குக் கிடைத்த நேரம். மாலையில் முற்றத்தை இருபது சுற்று வருகிறார்.

நான்கு மாதம் கழித்து மீண்டும் சோதித்தார்கள். நைலான் இழை தொட்டது இப்போதும் நம் பெருவிரலுக்குத் தெரியவில்லை. நெடுநாள் கெட்ட நரம்பு எளிதில் மீளாது; சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் மேலும் கெடுவது குறையும் என்றார் மருத்துவர். ஆனால் ஒற்றைக் காலில் நாம் பதினொரு நொடி நின்றோம், துணைவியார் பதினான்கு. போன சாட்சி திரும்பவில்லை. எஞ்சிய சாட்சிகளும் தசைகளும் பயிற்சியால் கூர்மை பெற்றுப் பாரத்தைப் பங்கிட்டுக்கொண்டன. குளியலறையில் கைப்பிடி பொருத்தினோம். இரவெல்லாம் எரியும் சிறு விளக்கொன்றைக் கொல்லைப்பக்கம் மாட்டினோம். சுபுஹுக்குக் கையில் டார்ச்சு விளக்குடன் போகிறோம்.

இன்னும் ஒரு கடன் இருந்தது. அன்று தோள் கொடுத்த தம்பியைத் தேடிப் போய், விரிப்பில் கால் சிக்கவில்லை, கால் மரத்துப் போயிருந்தது என்று உள்ளதைச் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “எங்க அத்தாவும் போன வாரம் விழுந்துட்டாங்க ஹஜ்ரத். யார்கிட்டேயும் சொல்லாதேன்னாங்க” என்றார். அவருடைய அத்தாவை மறுநாளே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம்.

சூரத்துர் ரஹ்மானில் மீஸான் என்னும் சொல் அடுத்தடுத்து மூன்று வசனங்களில் வருகிறது. துலாக்கோல் என்று பிள்ளைகளுக்குப் பொருள் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். கடைத்தெருவின் நிறுவையையும் மறுமையின் நிறுவையையும் விளக்கியிருக்கிறோம். நம் உடலினுள்ளேயும் ஒரு துலாக்கோலை அவன் அமைத்திருப்பதை இருட்டில் விழுந்த பிறகே அறிந்தோம். இதைப் படிப்போர் இன்றிரவே தம் இல்லத்தில் நீரிழிவுள்ள பெரியவரிடம், ஆணாயினும் பெண்ணாயினும், “அண்மையில் தடுமாறினீர்களா?” என்று மெல்லக் கேட்டுப் பார்க்கட்டும். வல்ல நாயன் நம் அனைவரின் பாதங்களையும் இம்மையிலும் மறுமையிலும் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.